பத்து வாக்குகளின் ஊரில்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது வெர்மான்ட் மாநிலம். அதன் பெரிய நகரமான பர்லிங்டனில் 1981 மார்ச் 3 அன்று மேயர் தேர்தல் நடந்தது. பத்து ஆண்டுகளாகப் பதவியில் இருந்த கார்டன் பாக்கெட், அதுவரை நின்ற தேர்தல்களில் எல்லாம் தோற்றிருந்த 39 வயதுச் சுயேச்சை ஒருவரிடம் தோற்றார். முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் 22 வாக்குகள். மறு எண்ணிக்கையில் அது 10 ஆகக் குறைந்தது. வென்றவர் பெர்னி சாண்டர்ஸ்.

பத்து வாக்கு என்பது எங்கள் பக்கத்தில் இரண்டு கூட்டுக் குடும்பங்கள். ஒரு தொண்டர் குளிருக்குப் பயந்து கடைசித் தெருவுக்குப் போகாமல் திரும்பியிருந்தால் அந்தத் தேர்தல் வேறு மாதிரி முடிந்திருக்கும். அந்த வெற்றியைச் சுற்றித் திரண்டவர்கள் நகரத்தில் முற்போக்குக் கூட்டணியாக இயங்கினார்கள். பிறகு அது வெர்மான்ட் புரோகிரசிவ் கட்சி என்ற மாநிலக் கட்சியானது. 2000இல் ஆந்தனி பொலினா அதன் சார்பில் ஆளுநர் தேர்தலில் நின்று ஏறத்தாழ 9.5 சதவீதம் வாங்கினார். மாநில அளவிலான ஒரு பதவிக்கு 5 சதவீதம் வாங்கினால்தான் பெரிய கட்சி என்ற தகுதி. அது அப்போது கிடைத்தது. சாண்டர்ஸ் இந்தக் கட்சியில் சேரவே இல்லை, இன்றுவரை சுயேச்சைதான். அவரைத் தூக்கி நிறுத்திய வேலைமுறை மட்டும் கட்சியிடம் தங்கிவிட்டது. அந்த வேலைமுறையைப் பார்க்கத்தான் 2025 செப்டம்பரில் நான் அங்கே போனேன்.

தேர்தல் இல்லாத மாதமாகப் பார்த்துப் போனேன். தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்கும் ஆள் வரும். கொடி பிடிக்கவும் கோஷம் போடவும் ஒரு சூடு இருக்கும். அந்தச் சூடு ஆறிய பிறகு யார் வருகிறார்கள், அவர்களை யார் கூப்பிடுகிறார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் கட்சி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்த காலத்திலிருந்தே எனக்கு இந்த எண்ணம் உண்டு.

வெர்மான்டில் ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதத்துக்கு வேறு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. செப்டம்பர் 10க்கும் 30க்கும் இடையே, கட்சி குறிக்கும் நாளில், ஊருக்கு ஊர் கட்சிக்காரர்கள் கூடித் தங்கள் கிளையைப் புதிதாக அமைக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர், மாவட்டக் குழுவுக்குப் பிரதிநிதிகள் என்று எல்லாரையும் அன்றே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அங்கே காக்கஸ் என்கிறார்கள். நமக்குக் கிளைக் கூட்டம். குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இது சடங்கு மாதிரி நடந்து முடிந்துவிடும். சிறிய கட்சிக்கு இதுதான் இரண்டு ஆண்டுகளில் மிகக் கடினமான வேலை. மாநிலத்தில் 250 சொச்சம் ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, "உங்கள் ஊருக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியுமா?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு பெண்ணோடு சில நாட்கள் சுற்றினேன். தொண்டர்களை ஒருங்கிணைப்பவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சம்பளத்துக்கு ஆள் வைக்கக் காசில்லாத கட்சி அது. இந்த வேலைக்கு நடுவில் அவர் இன்னொரு வேலைக்கும் போகிறார்.

பர்லிங்டனில் 2020 கணக்குப்படி 44,743 பேர். மேற்கே சாம்ப்ளேன் ஏரி, அக்கரையில் நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகள். சுற்றுலா வருபவர்கள் சர்ச் தெருவில் மேப்பிள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு இறங்கிவிடுவார்கள். நாங்கள் எதிர்த் திசையில் ஓல்ட் நார்த் எண்டுக்குப் போனோம். மர வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் வாடகைப் பகுதி. ஒரு காலத்தில் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் இருந்த தெருக்களில் இன்று பூட்டானிலிருந்து வந்த நேபாளிகளும் சோமாலியர்களும் இருக்கிறார்கள். நார்த் தெருவில் நேபாளி மளிகைக் கடையைக் கடக்கும்போது கடுகு எண்ணெய் வாசம் வந்தது.

அன்று மாலை ஒரு சமூகக்கூடத்தில் நீள மேசை, காபிப் பாத்திரம், ஒரு பை நிறைய ஆப்பிள், காகிதப் பட்டியல்கள். பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு பட்டியல்தான் தயாராக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வருகிறேன் என்பவர்களில் பாதிப் பேர் வருவார்கள். அதை வைத்துத்தான் திட்டம் போடுவேன். வராதவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கடையில் ஷிஃப்ட் மாறும். ஆனால் முதல் நாள் நான் போன் பண்ணி நினைவூட்டவில்லை என்றால் பாதியில் பாதிதான் வரும். அது என் குற்றம்."

ஏழு பேர் வந்தார்கள். ஏழாமவருக்குப் பட்டியல் இல்லாததால் ஒரு புதியவரோடு துணைக்கு அனுப்பினார். புதியவரைத் தனியாக அனுப்புவதே இல்லை என்பது அவருடைய கண்டிப்பான விதி. முதல் கதவில் திட்டு வாங்கிய மனிதர் தனியாக இருந்தால் இரண்டாவது கதவைத் தட்ட மாட்டார். பக்கத்தில் ஒருவர் இருந்தால் தெருமுனையில் நின்று கொஞ்சம் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

இன்னொரு விதி, எவரையும் "முடிந்தால் வாருங்கள்" என்று கூப்பிடக்கூடாது. "வியாழக்கிழமை மாலை 5.30, இந்தக் கூடம், இரண்டு மணி நேரம்" என்று கேட்க வேண்டும். நாள் தெரிந்தால் மனிதர் யோசித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியும். முடிந்தால் வாருங்கள் என்பது மரியாதை போலத் தோன்றும், உண்மையில் அது எதிராளியின் தலையில் ஒரு குற்ற உணர்வை ஏற்றி வைப்பதுதான் என்றார். இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் நல்ல காரியம் செய்யும் எத்தனையோ அமைப்புகள் இப்படிக் கூப்பிட்டே ஆளிழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாநிலத்துக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே அவர் எந்தக் கட்சி என்று பதிவாகியிருக்கும். வெர்மான்டில் கட்சிப் பதிவு கிடையாது. ஊர் எழுத்தரிடம் இருக்கும் பட்டியல் பெயரும் முகவரியும் சொல்லும், மனச்சாய்வைச் சொல்லாது. கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்டில் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில்கூட வாக்காளரிடம் எல்லாப் பெரிய கட்சிகளின் சீட்டுகளையும் கொடுத்துவிடுவார்கள். அவர் மறைவில் ஒன்றை மட்டும் நிரப்புவார்; மற்றவை குப்பைக்குப் போகும். எதை நிரப்பினார் என்பது யாருக்கும் தெரியாது. தனிமனிதச் சுதந்திரத்துக்கு இது அருமையான ஏற்பாடு. சிறிய கட்சியின் ஒருங்கிணைப்பாளருக்கு இதன் பொருள், ஒவ்வொரு வீட்டிலும் பேசித்தான் ஒவ்வொரு குறிப்பையும் சேர்க்க முடியும் என்பது. கதவைத் திறந்தவர் என்ன சொன்னார், வாடகை உயர்வைப் பற்றிப் பேசினாரா, மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசினாரா, மறுபடி வரச் சொன்னாரா என்பதை எல்லாம் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணாகவும் இரண்டு வரிக் குறிப்பாகவும் எழுதுகிறார்கள். அந்தக் காகிதம்தான் கட்சியின் சொத்து. அன்றிரவே அதைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை போகிறவர் அதே வீட்டில் அதே கேள்வியைக் கேட்பார். போன முறை மனம்விட்டுப் பேசியவர் அதோடு வெறுத்துப்போவார்.

நான் அவரோடு ஒரு தெரு முழுக்க நடந்தேன். பேசியது அவர், நான் பக்கத்தில் நின்றேன். நோட்டீசைக் கதவு இடுக்கில் செருகினார், கைப்பிடியில் சுற்றினார், ஆனால் வாசலில் இருந்த தபால் பெட்டியைத் தொடவில்லை. அஞ்சல் தலை ஒட்டாத எதையும் அதற்குள் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். புதிய தொண்டர்கள் முதல் நாள் செய்யும் தவறு அதுதான் என்பதால் புறப்படும்போதே மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு வீட்டில் நேபாளி இளைஞர் ஒருவர் இடுப்பில் குழந்தையோடு வந்தார். தான் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை, தன்னிடம் பேசிப் பயனில்லை என்று தயக்கத்தோடு சொன்னார். நகரத் தேர்தலில் அவரும் வாக்களிக்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதும் நம்பவில்லை. 2023இல் பர்லிங்டன் மக்கள் வாக்களித்துத் தங்கள் நகர சாசனத்தை மாற்றினார்கள். ஆளுநரின் மறுப்பை மீறிச் சட்டமன்றம் அதை ஏற்றது. சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவரும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இளைஞர் வீட்டுக்குள் குரல் கொடுத்துத் தன் அப்பாவைக் கூப்பிட்டார். தொப்பி போட்ட பெரியவர் வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, மகன் மொழிபெயர்த்தார். இருபது நிமிடம் போனது. பட்டியலில் மிச்சம் இருந்த எட்டு வீடுகளுக்குப் போவதற்குள் இருட்டிவிட்டது.

அதற்காக இவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெரிய கட்சிகளின் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கதவு என்று இலக்கு உண்டு, அது தவறும் இல்லை என்றார். "எங்களிடம் அத்தனை ஆளில்லை. அதனால் திறந்த கதவை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை."

கூடத்துக்குத் திரும்பியதும் ஏழு பேரையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். எந்தக் கதவு நன்றாக இருந்தது, எது மனத்தைக் கலைத்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், ஒரு வீட்டில் தன்னை விரட்டிய ஆள் தன் பழைய நோயாளி என்று சொல்லிக் கண் கலங்கினார். கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் எழுந்து போய் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போயிருக்கும். பிறகு எவரும் கோட்டு மாட்டுவதற்குள், அடுத்து எந்த நாள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்து பேர் நாள் சொன்னார்கள். இரண்டு பேர் இந்த மாதம் முடியாது என்றார்கள். முடியாது என்றவர்களுக்கும் அதே முகத்தோடு நன்றி சொன்னார். அவர்கள் பெயருக்கு எதிரே "அக்டோபர் முதல் வாரம் கேட்க" என்று எழுதினார்.

சாண்டர்ஸின் முதல் ஆண்டைப் பற்றி அன்றிரவு பேச்சு வந்தது. 1981இல் அவர் மேயரானபோது 13 பேர் கொண்ட நகர மன்றத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர், அதே நாளில் சிட்டிசன்ஸ் கட்சி சார்பில் வென்ற டெர்ரி பூரிஷியஸ். மேயர் நியமித்த அதிகாரிகளை மன்றம் ஏற்க மறுத்தது. சம்பளம் இல்லாமல் அந்த வேலைகளைச் செய்ய ஆட்கள் முன்வந்தார்கள். பகலில் தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு மாலையில் நகரத்தின் வரவு செலவைப் புரட்டினார்கள். அடுத்த ஆண்டு மன்றத் தேர்தலில் அவர் பக்கத்தவர்கள் ஐவரானார்கள். மேயரின் மறுப்பாணையை மன்றத்தால் உடைக்க முடியாத நிலை வந்தது. அதன் பிறகுதான் நிர்வாகம் நகர்ந்தது. தொண்டர்கள் தேர்தலோடு வீட்டுக்குப் போயிருந்தால் அந்த 10 வாக்கு வெற்றி ஓராண்டில் ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சுருங்கியிருக்கும் என்பது என் எண்ணம். 2024 மார்ச்சில் அந்த நகரத்தின் முதல் பெண் மேயராக வென்ற எம்மா மல்வேனி-ஸ்டானக், இந்தக் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தவர். கிளைக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுவதிலிருந்து மேயர் அறை வரைக்கும் ஒரே படிக்கட்டுதான் என்பதற்கு அவரை உதாரணம் காட்டினார்கள்.

மறுநாள் தலைநகரம் மான்ட்பீலியருக்குக் கிளம்பினோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம். சாலை வினூஸ்கி ஆற்றை ஒட்டிப் பச்சை மலைகளுக்குள் நுழைகிறது. தெற்கே கேமல்ஸ் ஹம்ப் சிகரம் தெரிந்துகொண்டே வருகிறது. மேப்பிள் இலைகள் நுனியில் சிவக்கத் தொடங்கியிருந்தன. வழியில் ஒரு விளம்பரப் பலகை கிடையாது. 1968இல் சட்டம் போட்டுச் சாலையோர விளம்பரப் பலகைகளை ஒழித்த மாநிலம் இது. கட்சிகளும் ஊரெங்கும் முகம் காட்ட முடியாது. இசைகிற வீட்டுக்காரரின் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்குச் சின்னத் தட்டி ஒன்றை நடலாம், அவ்வளவுதான். நம் கட்-அவுட் உயரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வெறுமை முதலில் பழகவில்லை. அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. பிறகு அது தேவை என்றே பட்டது.

மான்ட்பீலியர் 8,000 பேர் வாழும் ஊர். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் இதுதான் மிகச் சிறியது. தங்கக் குவிமாடம் போட்ட சட்டமன்றத்துக்குள் யாரும் நுழையலாம். உறுப்பினர்களுக்குத் தனி அறையோ உதவியாளரோ கிடையாது. ஜனவரியில் கூடி வசந்தத்தின் கடைசியில் கலைந்து தங்கள் பண்ணைக்கும் பள்ளிக்கும் திரும்பிவிடுகிறார்கள். கீழவையில் 150 பேர், மேலவையில் 30 பேர். மாநிலத்தின் மொத்த மக்கள் 6,43,077. அதாவது கீழவையில் 4,300 பேருக்கு ஒரு உறுப்பினர். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே ஒரு தொகுதிக்கு 3 லட்சம் பேர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தால் இங்கே சின்னக் கட்சி எப்படி உயிர் வாழ்கிறது என்பது புரியும். ஒரு வேட்பாளரும் நான்கு தொண்டர்களும் ஒரு கோடைக்காலத்தில் தொகுதியின் எல்லாக் கதவையும் இரண்டு முறை தட்டிவிடலாம். பணம் ஓரளவுக்குமேல் அங்கே வேலை செய்யாது. தட்டிய கதவுகள் வேலை செய்யும்.

ஆனாலும் அவைக்குள் இந்தக் கட்சிக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம். வாக்குச் சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் புரோகிரசிவ்/ஜனநாயகக் கட்சி என்று இரண்டும் அச்சாகும். ஹைன்ஸ்பர்க்கில் காய்கறி விளைவிக்கும் டேவிட் சக்கர்மேன் இப்படித்தான் 2016இலும் 2022இலும் துணை ஆளுநர் தேர்தலில் வென்றார். 2024 நவம்பரில் அதே பதவிக்கான தேர்தலில் யாருக்கும் பாதி வாக்கு கிடைக்கவில்லை. அப்படி ஆனால் சட்டமன்றம் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அரசியல் சாசனம். 2025 ஜனவரியில் அவை குடியரசுக் கட்சியின் ஜான் ராட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தது.

சட்டமன்ற உணவகத்தில் உட்கார்ந்து இதைப் பற்றி நிறையப் பேசினோம். இரண்டு பெயரோடு நிற்பது வெற்றிக்கு வழி, தொண்டருக்கு அது தினசரிச் சங்கடம். கதவைத் திறப்பவர் "அப்படியென்றால் நீங்களும் அவர்களும் ஒன்றுதானே?" என்று கேட்கிறார். அதற்குப் பத்து நொடியில் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத தொண்டர் அந்த மாதத்தோடு காணாமல் போகிறார். ஏன் தனிக்கட்சி என்பதைத் தொண்டர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், மனப்பாடம் செய்த பதில் கதவில் நிற்காது என்றார் ஒருங்கிணைப்பாளர். அதனால் ஒவ்வொரு புதியவரோடும் ஒரு மணி நேரம் தனியாகக் காபி குடிக்கிறார். கட்சியைப் பற்றி அவர் பேசுவதில்லை. எதனால் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஒருவருக்கு அம்மாவின் மருத்துவமனைக் கட்டணம். இன்னொருவருக்கு மூன்று ஆண்டுகளில் நான்கு வீடு மாறிய கதை. அதுதான் அவர்கள் கதவில் சொல்ல வேண்டிய பதில்.

வெளியே வந்தபோது ஸ்டேட் தெருவின் கடைச் சுவர் ஒன்றில் இடுப்புக்குமேல் ஒரு கோடு காட்டினார். 2023 ஜூலை வெள்ளம் நின்ற உயரம். இந்த ஊரின் மையம் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. பிறகு பல நாட்கள் யார் எவர் என்று கேட்காமல் ஜனங்கள் மண்வாரியோடு வந்து நிலவறைகளிலிருந்து சேற்றை அள்ளினார்கள். அந்த வாரங்களில் தன்னுடைய பட்டியலில் இருந்தவர்களை அவர் கட்சி வேலைக்கு ஒருமுறைகூட அழைக்கவில்லையாம். எந்தத் தெருவில் ஆள் தேவை என்று மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கட்சிச் சட்டை போட்டுப் போகக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினார். நிவாரணப் பையில் படம் ஒட்டும் பழக்கத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த ஒரு வரிச் செய்திக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

கடைசிப் பயணம் வடகிழக்கே, மலைக்கிராமம் ஒன்றில் நடக்கவிருந்த கிளைக் கூட்டத்துக்கு. வெர்மான்டின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலை. கைப்பேசிக் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்குகள் நிறைய. நகரத்தில் ஒரு மாலையில் நாற்பது ஐம்பது கதவுகள் தட்டலாம். இங்கே ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்குக் கார் வேண்டும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் சேற்றில் அந்தக் காரும் போகாது. செயலி வேலை செய்யாத இடத்துக்குக் காகிதப் பட்டியலும், கோடு போட்ட வரைபடமும், நாய் இருக்கும் வீடுகளின் குறிப்பும் கொடுத்து அனுப்புகிறார்கள். நடக்க முடியாத முதியவர்கள் வீட்டிலிருந்தபடியே கையால் அஞ்சலட்டை எழுதுகிறார்கள். அச்சடித்த தாளைவிட அந்தக் கோணல் கையெழுத்தை மக்கள் படிக்கிறார்கள் என்றார் அவர்.

ஊர் நூலகத்தின் பின்னறையில் கூட்டம். அறிவிப்பை ஊர் எழுத்தர் அலுவலகத்திலும் பலசரக்குக் கடை வாசலிலும் முன்னதாகவே ஒட்டியிருந்தார்கள். ஐந்து பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தச்சர் ஒருவர், ஒரு இளம் தம்பதி, பால் பண்ணைக்காரர். ஆசிரியை ஆப்பிள் பை ஒன்று சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

இத்தனை சின்ன ஊரில் கிளை எதற்கு என்று தச்சர் நேராகவே கேட்டார். அதற்கு வந்த பதிலை நான் குறித்துவைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு கோஷம்கூட இல்லை. 2020 ஆகஸ்ட் முதற்கட்டத் தேர்தலில் புரோகிரசிவ் சீட்டை நிரப்பியவர்கள் மாநிலம் முழுக்கவே மிகக் குறைவு. அதனால் கட்சி ஆதரிக்காத ஒருவர் ஒரே நேரத்தில் பல மாநிலப் பதவிகளுக்குக் கட்சியின் வேட்பாளராகிவிட்டார். அவர் எங்கள் ஆள் இல்லை என்று கட்சியே அறிவிக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் பத்துப் பேர் அன்று அந்தச் சீட்டை நிரப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னார். அங்கே ஊருக்கு ஊர் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற சிறு பதவிகள் உண்டு. கட்சிகள் ஆள் நிறுத்தும், நவம்பர் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். கல்யாணம் நடத்தி வைப்பார்கள், வாக்கு எண்ண உட்காருவார்கள், வரி மேல்முறையீடு கேட்பார்கள். படுக்கையில் இருக்கும் வாக்காளரின் வீட்டுக்கு வாக்குச் சீட்டைக் கொண்டுபோவதும் அவர்கள்தான். இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும், இருவரும் வேறு வேறு கட்சியாக இருக்க வேண்டும். ஊரில் இரண்டு கட்சிக்காரர்களோடு மூன்றாவது கட்சிக்காரர் ஒருவரும் இருந்தால் அந்தப் பயணத்துக்கு ஆள் தட்டுப்பாடு வராது.

தச்சர் கையை உயர்த்தினார். அந்த வேலையைத் தான் செய்வதாகச் சொன்னார். அடுத்த ஆண்டுதான் தேர்தல் என்று சொல்லி அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஆசிரியை தலைவரானார், இளம் மனைவி செயலாளர். மாவட்டக் குழுவுக்குப் பிரதிநிதியாக அவர் கணவர் போவதாயிற்று. பொருளாளர் இடத்துக்கு மட்டும் எவரும் அசையவில்லை. கிளையின் கையில் பணமே இல்லை, கணக்கு எழுத மாதத்துக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று விளக்கினார் ஒருங்கிணைப்பாளர். வற்புறுத்தவில்லை. பையை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். யாரோ மழை குறைந்ததைப் பற்றிப் பேச, பேச்சு தீவன விலைக்குப் போனது. அந்தப் பேச்சு முடியும் வரை காத்திருந்தார்.

பால் பண்ணைக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கணக்கு நான் பார்க்கிறேன். பாலுக்கே கணக்கு எழுதுகிறவன்தானே. ஆனால் கறவை நேரத்தில் போன் பண்ணக்கூடாது" என்றார்.

"எந்த நேரம்?"

"விடியற்காலை நாலரையிலிருந்து ஏழரை. சாயங்காலம் நாலிலிருந்து ஏழு."

அவர் பெயருக்கு எதிரே இரண்டு நேரங்களையும் எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானா என்று கேட்டார். பசுவுக்கு ஞாயிறு தெரியாது என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டு, படிவத்தைக் கையெழுத்துக்காகத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.